எண்ணைப் படித்து ஓடும் மெஷின்

(பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் சிறு பட்டறைத் தொழிலாளர்களுக்கான மாலை வகுப்பில், ஒரு மில்லிங் தொழிலாளி பேசியது.)

 

பகல் முழுவதும் மெஷின் சத்தம் கேட்டு வந்திருக்கிறீர்கள். இங்கேயும் மெஷினைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் பட்டறையில் ஒரு சின்ன மில்லிங் மெஷின் இருக்கிறது. மேஜைமேல் வைக்கும் அளவுதான் இருக்கும். கைப்பிடியைச் சுற்றித்தான் அதை ஓட்டினோம். இப்போது அது கம்ப்யூட்டர் சொன்னபடி ஓடுகிறது. புது மெஷின் வாங்கவில்லை. பழைய மெஷினையே மாற்றினோம். அதை ஓட்டிய நாங்களேதான் மாற்றினோம்.

எப்படி மாற்றினோம்? எதற்காக மாற்றினோம்? இதனால் நம் வேலைக்கு ஆபத்து உண்டா? இந்த மூன்றையும் இன்று பார்ப்போம்.

மில்லிங் மெஷின் செய்யும் வேலை

லேத்து உங்களுக்குத் தெரியும். அதில் ஜாப் சுற்றும். டூல் அதைச் சீவும். மில்லிங் மெஷினில் கட்டர் சுற்றும். ஜாப்பை வைசில் இறுக்கி, டேபிள்மேல் வைத்திருப்போம். டேபிள் நகரும். ஜாப்பும் கூடவே நகரும். சுற்றும் கட்டர் உலோகத்தைச் சீவிக்கொண்டே போகும்.

இந்த மெஷினுக்கு மூன்று கைப்பிடிகள் உண்டு. ஒன்று டேபிளை இடமும் வலமும் நகர்த்தும். அந்தத் திசைக்கு எக்ஸ் என்று பெயர். இன்னொன்று முன்னும் பின்னும் நகர்த்தும். அதற்கு ஒய் என்று பெயர். மூன்றாவது கைப்பிடி கட்டர் உள்ள தலையை ஏற்றி இறக்கும். அதற்கு இசட் என்று பெயர்.

கைப்பிடியைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதில் கோடுகள் இருக்கும். எங்கள் மெஷினில் 100 கோடுகள். ஒரு முழுச் சுற்றுக்கு டேபிள் 2 மில்லிமீட்டர் நகரும். அப்படியானால் ஒரு கோட்டுக்கு எவ்வளவு? 0.02 மில்லிமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் கனத்தைவிடக் குறைவு. இவ்வளவு நுட்பமான வேலையை நம் கை செய்கிறது. இதை நாம் மறக்கக் கூடாது.

நேர்கோட்டில் வெட்டுவது சுலபம். ஒரு கைப்பிடியைச் சுற்றினால் போதும். ஆனால் வட்டமாக வெட்ட வேண்டும் என்றால்? இரண்டு கைப்பிடிகளையும் ஒரே நேரத்தில் சுற்ற வேண்டும். ஒன்று வேகமாகப் போகும்போது மற்றது மெதுவாகப் போக வேண்டும். அந்த வேகமும் நொடிக்கு நொடி மாற வேண்டும்.

கோலம் போடுகிற அக்காமார்களைக் கேட்கிறேன். ஒரே கோலப்பொடிக் கிண்ணத்தை இரண்டு பேர் பிடித்துக்கொள்கிறீர்கள். ஒருவர் இடவலமாக மட்டும் நகர்த்தலாம். இன்னொருவர் முன்பின்னாக மட்டும் நகர்த்தலாம். இப்படி ஒரு வட்டம் போட முடியுமா? கோணல்மாணலாகத்தான் வரும். கையால் ஓட்டும் மில்லிங் மெஷினில் வட்டம் வெட்டுவதும் இப்படித்தான்.

ஒருவர் படிக்க, இருவர் சுற்ற

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1940-களில் ஹெலிகாப்டருக்கு இறக்கை செய்யும் வேலையை அவர் எடுத்தார். அந்த இறக்கையின் வளைவு மிகவும் சரியாக இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் உயிருக்கு ஆபத்து.

பார்சன்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு வழி கண்டார்கள். வளைவை 200 புள்ளிகளாகப் பிரித்தார்கள். அட்டையில் துளை போட்டுக் கணக்குப் பார்க்கும் இயந்திரங்கள் அப்போது இருந்தன. அவற்றைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியும் எங்கே வரும் என்று கணக்கிட்டார்கள். அந்த எண்களை ஒரு தாளில் எழுதினார்கள்.

பிறகு மெஷின் பக்கத்தில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் தாளைப் பார்த்து எண்ணைச் சத்தமாகப் படித்தார். இரண்டாமவர் எக்ஸ் கைப்பிடியைச் சுற்றினார். மூன்றாமவர் ஒய் கைப்பிடியைச் சுற்றினார். எண் சொன்ன இடத்துக்குக் கட்டர் வந்ததும் அதை இறக்கி வெட்டினார்கள். மறுபடியும் அடுத்த எண். மறுபடியும் அடுத்த வெட்டு.

இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் படிக்கிறார். இருவர் சுற்றுகிறார்கள். கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின் என்றால் இவ்வளவுதான். படிக்கிறவரின் இடத்தில் கம்ப்யூட்டர். சுற்றுகிறவர்களின் இடத்தில் மோட்டார்.

பார்சன்ஸ் அடுத்து இதைத்தான் யோசித்தார். மெஷினே எண்ணைப் படித்துத் தானே சுற்றினால் என்ன? 1949-இல் அமெரிக்க விமானப்படை இதற்குப் பணம் கொடுத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்ற பெரிய கல்வி நிலையத்தின் அறிஞர்களும் சேர்ந்தார்கள். 1952-இல் அப்படி ஒரு மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். துளையிட்ட நாடாவைப் படித்து அது ஓடியது. அதன் மின்சாரப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான வால்வுகள் இருந்தன. பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி வால்வுகள்.

இன்னொரு செய்தி. பார்சன்ஸ் கல்லூரிப் பட்டம் பெற்றவர் அல்ல. பட்டறையில் வளர்ந்தவர். 1985-இல் அமெரிக்க அரசு அவருக்குத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கொடுத்தது.

அன்று ஒரு பெரிய கல்வி நிலையமும் விமானப்படையும் சேர்ந்து செய்த வேலை இது. இன்று ஒரு சின்னப் பட்டறை செய்துகொள்ள முடிகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

சுற்றும் கைக்குப் பதில் மோட்டார்

கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு மோட்டாரை வைக்க வேண்டும். மின்விசிறியில் இருக்கும் மோட்டார் இதற்கு உதவாது. அது நிற்காமல் சுற்றும். எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

நமக்கு வேண்டியது ஸ்டெப்பர் மோட்டார். ஸ்டெப் என்றால் அடி. இந்த மோட்டார் அடி எடுத்து வைத்து நடக்கும். ஒரு மின்துடிப்பு கொடுத்தால் ஓர் அடி நகரும். அப்படியே நிற்கும். 200 அடி வைத்தால் ஒரு முழுச் சுற்று.

இந்த மோட்டாருக்கு டிரைவர் என்று ஒரு பெட்டி உண்டு. அது ஒவ்வோர் அடியையும் இன்னும் சிறு அடிகளாகப் பிரித்துக் கொடுக்கும். நாங்கள் எட்டாகப் பிரித்தோம். 200-ஐ எட்டால் பெருக்கினால் 1600. ஆகவே 1600 சிறு அடிகளுக்கு ஒரு சுற்று.

மோட்டாரோடு ஒரு திருகு தண்டு சேர்ந்திருக்கும். தண்டு சுற்றினால் டேபிள் நகரும். நாங்கள் மாட்டிய புதுத் தண்டில், ஒரு சுற்றுக்கு டேபிள் 5 மில்லிமீட்டர் நகரும். 1600-ஐ 5-ஆல் வகுத்தால் 320. டேபிள் ஒரு மில்லிமீட்டர் நகர 320 துடிப்புகள் வேண்டும். இந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் எழுதி வைக்க வேண்டும். இதைத் தவறாக எழுதினால் எல்லா அளவும் தவறும்.

பாருங்கள், இது நாம் படித்த பெருக்கலும் வகுத்தலும்தான்.

கடையில் மோட்டார் கேட்கும்போது நீமா 23 என்று சொல்வார்கள். பயப்பட வேண்டாம். அது மோட்டாரின் முகத்தின் அளவு. 2.3 அங்குலம் என்று பொருள். சின்ன மெஷினுக்குப் பெரும்பாலும் இந்த அளவு போதும். தலையை ஏற்றி இறக்கும் இசட் பக்கத்துக்கு மட்டும் அதிக பலம் வேண்டும். அங்கே பாரத்தைத் தூக்க வேண்டும் அல்லவா?

பிளே என்னும் எதிரி

பழைய மெஷினில் கைப்பிடியைத் திருப்பிச் சுற்றிப் பாருங்கள். முதலில் கொஞ்ச தூரம் கைப்பிடி மட்டும் சுற்றும். டேபிள் நகராது. தண்டுக்கும் நட்டுக்கும் இடையே உள்ள தளர்வுதான் காரணம். இதைத்தான் பிளே என்கிறோம்.

நம் கைக்கு இது பழகிப்போன விஷயம். எப்போதும் ஒரே பக்கமிருந்து அளவுக்கு வருவோம். தாண்டிவிட்டால் நிறையப் பின்னால் போய், மறுபடியும் முன்னால் வருவோம். யாரும் இதை எழுதித் தரவில்லை. கை கற்றுக்கொண்டது.

கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. அது 320 துடிப்பு கொடுக்கும். டேபிள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது என்று நம்பும். டேபிளோ பிளேவைத் தின்றுவிட்டுக் குறைவாக நகர்ந்திருக்கும். வட்டம் வெட்டச் சொன்னால், திசை மாறும் நான்கு இடங்களிலும் படி விழும். வட்டம் வட்டமாக இருக்காது.

ஆகவே முதல் வேலை பிளேவை அளப்பது. டயல் கேஜை டேபிளில் முட்டும்படி வையுங்கள். ஒரு பக்கமாகச் சுற்றுங்கள். முள் நகர்ந்ததும் நிறுத்துங்கள். இப்போது மெதுவாகத் திருப்பிச் சுற்றுங்கள். முள் மறுபடி அசையும்வரை எத்தனை கோடு போனது என்று எண்ணுங்கள். எங்கள் மெஷினில் 10 கோடு போனது. ஒரு கோடு 0.02. பத்துக் கோடு 0.2 மில்லிமீட்டர். இது அதிகம்.

டேபிள் ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும். அதை ஜிப் என்போம். அதன் திருகுகளைச் சரியாக இறுக்கினால் டேபிளின் ஆட்டம் குறையும். தண்டில் உள்ள பிளே அதனால் போகாது. அதற்குத்தான் பால் ஸ்குரூ என்ற புதுத் தண்டு. அதன் நட்டுக்குள் சின்ன இரும்புக் குண்டுகள் இருக்கும். சைக்கிள் சக்கரத்தின் நடுவில் குண்டுகள் உருளுமே, அதுபோல. தளர்வு மிகக் குறைவு. தேய்மானமும் குறைவு.

ஆனால் பால் ஸ்குரூவில் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய தண்டை யாரும் சுற்றாவிட்டால் தலை அப்படியே நிற்கும். பால் ஸ்குரூ அப்படியல்ல. பாரம் அழுத்தினால் தானே உருளும். கரண்ட் போனால் மெஷினின் தலை கீழே இறங்கிவிடும். கட்டர் ஜாப்பில் குத்தும். கை கீழே இருந்தால் கை நசுங்கும். ஆகவே இசட் பக்கத்தில் பிரேக் உள்ள மோட்டார் வேண்டும். அல்லது தலையின் பாரத்தைச் சமன்செய்ய எடைக்கட்டு வேண்டும். இதைச் செய்யாமல் இசட் பக்கத்தில் பால் ஸ்குரூ போடாதீர்கள்.

படிக்கும் மூளை

மோட்டாருக்குத் துடிப்பு கொடுக்க ஒரு மூளை வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, பழைய மேஜைக் கம்ப்யூட்டர். அதன் பின்னால் பிரிண்டர் மாட்டும் 25 துளையுள்ள இடம் இருக்க வேண்டும். அதில் லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருளைப் போடலாம். இது 1990-களில் அமெரிக்க அரசின் அளவை நிறுவனம் ஒன்றில் தொடங்கிய வேலை. பிறகு பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது வழி, அர்டுயினோ என்ற சின்னப் பலகை. உள்ளங்கையில் அடங்கும். அதில் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருளைப் போட வேண்டும். இது 2009-இல் வந்தது. இதுவும் காசில்லாமல் கிடைப்பது. புதுக் கம்ப்யூட்டர்களில் பழைய பிரிண்டர் துளை கிடையாது. அவர்களுக்கு இந்த வழி சுலபம்.

பலகை, டிரைவர், ஒயர் எல்லாம் நம் ஊரில் எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைக்கும். சென்னையில் ரிச்சி தெரு இருக்கிறது. மும்பையில் லேமிங்டன் ரோடு இருக்கிறது. ஒரே கடையில் கேட்டு வாங்கிவிடாதீர்கள். மூன்று கடையில் விலை கேளுங்கள். வாங்குவதன் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பில் வாங்குங்கள்.

எந்த வரிசையில் மாற்றுவது?

முதலில் மெஷினைக் கழற்றாதீர்கள். மோட்டாரைப் பிடித்து வைக்க பிராக்கெட் வேண்டும். அந்தப் பிராக்கெட்டுகளை இதே மெஷினில் முதலில் வெட்டிக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு வெட்ட மெஷின் இருக்காது. பிராக்கெட் செய்ய வெளியே காசு கொடுக்க வேண்டி வரும்.

இரண்டாவது, ஒவ்வொரு பக்கமாக மாற்றுங்கள். முதலில் எக்ஸ். அது சரியாக ஓடிய பிறகு ஒய். கடைசியில் இசட். அப்போது தவறு எங்கே என்று கண்டுபிடிப்பது சுலபம்.

மூன்றாவது, மின்சாரப் பெட்டியை மூடி வையுங்கள். இரும்புத் துகள் உள்ளே போனால் எல்லாம் கருகும். மெஷினுக்கும் பெட்டிக்கும் எர்த் கட்டாயம். 230 வோல்ட் இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். கரண்ட் இருக்கும்போது மோட்டார் ஒயரை டிரைவரிலிருந்து பிடுங்காதீர்கள். டிரைவர் போய்விடும்.

நான்காவது, சிவப்பு நிற ஆபத்துப் பட்டன். அதை அழுத்தினால் மோட்டாருக்கும் கட்டருக்கும் போகும் கரண்ட் நிற்க வேண்டும். கம்ப்யூட்டர் நிறுத்தும் என்று நம்பி இருக்கக் கூடாது. பட்டன் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மெஷினைத் தாண்டி எட்டிப் பிடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

மெஷின் படிக்கும் வரிகள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். மெஷின் எதைப் படிக்கிறது?

அது வரி வரியாகப் படிக்கிறது. திரையில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஏழெட்டு எழுத்துதான். எழுத்துக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். நாங்கள் வாய்விட்டுப் படிப்பதைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன்.

ஜி 21
ஜி 90
ஜி 0 இசட் 5
ஜி 0 எக்ஸ் 10 ஒய் 10
ஜி 1 இசட் -0.5 எஃப் 50
ஜி 1 எக்ஸ் 50 எஃப் 150
ஜி 0 இசட் 5
எம் 30

ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்கிறேன்.

ஜி 21 என்றால், எல்லா அளவும் மில்லிமீட்டரில். ஜி 90 என்றால், எல்லா அளவையும் நாம் வைத்த பூஜ்யத்திலிருந்து எண்ணு. நாங்கள் ஜாப்பின் இடது முன் மூலையைப் பூஜ்யமாக வைக்கிறோம். உயரத்துக்கு ஜாப்பின் மேல்பரப்புதான் பூஜ்யம்.

ஜி 0 என்றால் வேகமாகப் போ. இது வெட்டாமல் போகும் நடை. கட்டர் முதலில் 5 மில்லிமீட்டர் மேலே போகும். பிறகு வெட்டு தொடங்கும் இடத்துக்கு மேலே வந்து நிற்கும்.

ஜி 1 என்றால் சொன்ன வேகத்தில் நேர்கோட்டில் போ. இது வெட்டும் நடை. எஃப் என்பது வேகம். கட்டர் அரை மில்லிமீட்டர் ஆழம் இறங்கும். அடுத்த வரியில் எக்ஸ் 10-லிருந்து எக்ஸ் 50 வரை வெட்டிக்கொண்டு போகும். தூரம் 40 மில்லிமீட்டர். வேகம் நிமிடத்துக்கு 150 மில்லிமீட்டர். 16 விநாடியில் முடியும். இந்த நேரத்தில் மோட்டார் எட்டுச் சுற்று சுற்றும். 12,800 துடிப்புகள்! ஒன்றையும் அது மறக்காது.

பிறகு கட்டர் மேலே வரும். எம் 30 என்றால் வேலை முடிந்தது.

இந்தப் பள்ளம் 2 மில்லிமீட்டர் ஆழம் வேண்டுமா? அரை அரையாக நான்கு முறை வெட்ட வேண்டும். ஒரே முறையில் இறக்கினால் சின்ன மெஷின் தாங்காது. வளைவாக வெட்ட ஜி 2, ஜி 3 என்று வேறு இரண்டு கட்டளைகள் உண்டு. கோலக் கிண்ணத்தை இருவர் பிடித்துப் போட முடியாத வட்டத்தை இந்த ஒரு வரி போட்டுவிடும்.

ஒரு புள்ளியின் விலை

எங்கள் பட்டறையில் ஓர் அக்கா இருக்கிறார். பல வருடமாக அரம் பிடித்துப் பிசிறு எடுக்கும் வேலை. அவரும் நம்மைப்போல மாலையில் படித்தவர்தான். மெஷினை மாற்றியதும் எங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்தோம். எந்தப் புரோகிராமையும் ஓட்டுவதற்கு முன் ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்னொருவர் டிராயிங்கைப் பார்க்க வேண்டும். அக்கா படிப்பார். நான் டிராயிங் பார்ப்பேன்.

ஒருநாள் ஒரு தம்பி புரோகிராம் எழுதிக் கொடுத்தான். ஐ.டி.ஐ. முடித்தவன். கெட்டிக்காரன். அக்கா வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“தம்பி, இங்கே இசட் மைனஸ் 5 என்று இருக்கிறதே? போன வரியில் எல்லாம் 0.5 என்றுதானே இருந்தது?”

தம்பி எட்டிப் பார்த்தான். புள்ளி விடுபட்டிருந்தது. அரை மில்லிமீட்டர் இறங்க வேண்டிய கட்டர் 5 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். பத்து மடங்கு ஆழம். கட்டர் உடைந்து தெறித்திருக்கும். எதிரில் நின்றவர் கண்ணில் பட்டாலும் பட்டிருக்கும்.

“அக்கா, நல்ல வேளை” என்றான். புள்ளியை வைத்தான். பிறகுதான் ஓட்டினோம்.

மெஷின் எழுதியிருப்பதை அப்படியே செய்யும். ‘இது சரியா?’ என்று கேட்காது. மைனஸ் குறி விடுபட்டால் கட்டர் காற்றில் வெட்டும். ஜி 1-க்குப் பதில் ஜி 0 என்று எழுதினால் முழு வேகத்தில் இரும்பில் போய் இடிக்கும். எழுத்தைப் படிக்க மெஷினுக்குத் தெரியும். பொருளை யோசிக்கத் தெரியாது. யோசிப்பது நம் வேலை.

புதுப் புரோகிராமை முதலில் ஜாப் இல்லாமல், கட்டரை உயரத் தூக்கி வைத்துக் காற்றில் ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிடம் போகும். போகட்டும்.

கை பத்திரம்

பழைய மெஷின் நாம் சுற்றினால்தான் நகரும். இந்த மெஷின் நாம் தொடாமலே நகரும். நின்றிருப்பதுபோல் தெரியும். திடீரென்று கிளம்பும். இது புதிய ஆபத்து.

ஓடும்போது டேபிள்மேல் கை வைக்காதீர்கள். துகளைக் கையால் தள்ளாதீர்கள். நிறுத்திவிட்டு பிரஷால் தள்ளுங்கள். சுற்றும் கட்டர் பக்கத்தில் கையுறை வேண்டாம். கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். வளையல், துப்பட்டா, முந்தானை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் கட்டர் பக்கம் தொங்கக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

இன்னொன்று. கட்டர் எங்காவது இடித்தால் ஸ்டெப்பர் மோட்டார் அடி தவறிவிடும். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. தவறவே இல்லை என்று நினைத்து மேலே ஓட்டும். இடித்தால் உடனே நிறுத்துங்கள். பூஜ்யத்தை மறுபடியும் வையுங்கள். பிறகுதான் ஓட்ட வேண்டும்.

வேலை போய்விடுமா?

இதைத்தான் எல்லோரும் கேட்க நினைக்கிறீர்கள். பதிலை மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரே ஒரு பீஸ் செய்ய வேண்டுமா? கையால் செய்வதுதான் பல நேரம் சீக்கிரம். புரோகிராம் எழுதும் நேரத்தில் வேலையே முடிந்துவிடும். ஆனால் ஒரே மாதிரி 50 பீஸ் என்றால் மெஷின்தான் முந்தும். ஐம்பதாவது பீசிலும் அதற்குக் கை வலிக்காது. அளவு மாறாது. ஓடவிட்டு, ஒருவரே இரண்டு மெஷினைக் கவனிக்கலாம். அப்படியானால் கைப்பிடி சுற்ற மட்டுமே தெரிந்தவரின் வேலை குறையும். இது உண்மை.

ஆனால் இன்னோர் உண்மையும் உண்டு. எந்த இரும்புக்கு எந்த வேகம்? ஜாப்பை எப்படிப் பிடித்தால் அதிராது? கட்டர் மழுங்கினால் சத்தம் எப்படி மாறும்? இது எதுவும் கம்ப்யூட்டரில் இல்லை. நம் கையிலும் காதிலும் இருக்கிறது. இரும்பு கடினமாக இருந்தால் நம் கை தானாக மெதுவாகும். மெஷின் தள்ளிக்கொண்டே போகும். எஃப் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் என்ன எண் எழுதுவது என்று, கைப்பிடி சுற்றியவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆகவே மெஷினை மாற்றும்போது நாம் பக்கத்தில் நிற்க வேண்டும். வெளி ஆள் வந்து மாற்றிவிட்டுப் போனால், விஷயமும் அவரோடு போய்விடும். நாம் பட்டன் அமுக்கும் ஆளாக மட்டும் மிஞ்சுவோம். சின்ன மெஷினாக இருப்பதால் நாமே மாற்ற முடியும். மாற்றினால் கழற்றவும் தெரியும், பழுது பார்க்கவும் தெரியும், புரோகிராம் எழுதவும் தெரியும்.

எங்கள் பட்டறையில் முதலாளியிடம் மூன்று விஷயம் கேட்டோம். ஒன்று, மாற்றும் வேலையை எங்களை வைத்தே செய்ய வேண்டும். இரண்டு, வேலை நேரத்தில் கற்றுக்கொள்ள நேரம் வேண்டும். மூன்று, புரோகிராம் படிக்கத் தெரிந்தவருக்குக் கூலி கூட வேண்டும். முதல் இரண்டுக்கு உடனே சரி என்றார். மூன்றாவதற்குச் சில மாதம் ஆனது. புரோகிராமில் விட்ட புள்ளியைக் கண்டுபிடித்த அக்காவுக்குத்தான் முதலில் கூலி கூடியது. இப்போது அவர் அரம் பிடிப்பது குறைவு. ஜாப்பைக் கட்டி, பூஜ்யம் வைத்து, மெஷினை ஓட்டுகிறார்.

நாளை முதல் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். எந்த ஜாப், எந்தக் கட்டர், எந்த வேகம், என்ன தவறு நடந்தது என்று தினமும் இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் மெஷின் நாளையே வரலாம். பத்து வருடம் கழித்தும் வரலாம். வரும்போது அதற்கு எழுதிக் கொடுக்க உங்கள் நோட்டு தயாராக இருக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் பட்டறைக்கு வாருங்கள். மெஷினை நீங்களே ஓட்டிப் பாருங்கள். வரும்போது கண்ணாடியும் நோட்டும் கொண்டு வாருங்கள்.



படித்தோம், யோசிப்போம்

1. கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு டேபிள் 2 மில்லிமீட்டர் நகர்கிறது. வளையத்தில் 100 கோடுகள். 50 கோடு சுற்றினால் டேபிள் எவ்வளவு நகரும்?

2. ஒரு சுற்றுக்கு 1600 துடிப்புகள். தண்டு ஒரு சுற்றுக்கு 4 மில்லிமீட்டர் நகர்த்தும். ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை துடிப்புகள்?

3. “ஜி 1 எக்ஸ் 30 எஃப் 100.” இந்த வரியை வாய்விட்டுப் படியுங்கள். மெஷின் என்ன செய்யும்?

4. பால் ஸ்குரூ போட்ட மெஷினில் கரண்ட் போனால் என்ன ஆபத்து? அதைத் தடுக்க என்ன செய்ய வேண்டும்?

5. உங்கள் வேலையில் கைக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று சொல்லுங்கள். அதை இரண்டு வரியில் எழுதுங்கள்.